டூவீலர் பழக்கத்தோடு குவாட் பைக்கில் ஏறுபவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலைக்குப் போகிற நம் ஆட்கள் பலருக்கு, சேர்ந்த சில நாட்களிலேயே ஒரு குவாட் பைக்கின், அதாவது பைக் மாதிரி கைப்பிடி உள்ள நாலு சக்கர வண்டியின், சாவி கைக்கு வந்துவிடும். வேலி பார்க்க, மாடு ஓட்ட, களைக்கொல்லி அடிக்க என எல்லாவற்றுக்கும் அதுதான். ஊர்ப்புறத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி, சொந்தமாகப் புது வண்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வது ஒன்றுதான்: "ஊர்ல வருஷக்கணக்கா பைக் ஓட்டினவன், இதுக்கு நாலு சக்கரம் வேற இருக்கு, விழவா போகுது?"

விழும். இந்த நாட்டில் பண்ணை விபத்து மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று குவாட் பைக் கவிழ்வது. டூவீலர் நம் உடம்புக்குக் கற்றுக்கொடுத்த பழக்கங்களில் பாதி இங்கே எதிராக வேலை செய்கின்றன. அதனால் புதிதாகக் கற்பதைவிட பழையதை விடுவதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும்.

படி 1: ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஏறி உட்காருங்கள். வலது கைப்பிடியை முறுக்கிப் பாருங்கள், சுற்றாது. ஆக்சிலரேட்டர் வலது கட்டை விரலுக்கு அடியில் இருக்கும் சின்ன நெம்புகோல். முறுக்கிப் பழகிய கைக்கு இது முதலில் விளையாட்டுப் பொருள் போலத் தெரியும். ஆனால் குலுக்கலில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது கட்டை விரலும் சேர்ந்து அழுத்திவிடும், வண்டி பாயும். விரலை நெம்புகோல் மேலே லேசாக வைத்து, பிடியை மற்ற நான்கு விரல்களால் பிடிக்கப் பழகுங்கள்.

அடுத்து பிரேக். சில வண்டிகளில் இடது கை லீவர் ஒன்றே நான்கு சக்கரத்தையும் பிடிக்கும். சிலவற்றில் வலது கை முன்பக்கம், இடது கையும் வலது காலும் பின்பக்கம். உங்கள் வண்டி எந்த வகை என்று மேனுவலில் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள். எஞ்சினை அணைக்கும் சிவப்பு ஸ்விட்ச், பார்க்கிங் பிரேக், ஹை, லோ, ரிவர்ஸ் கியர்கள், 2WD-4WD பொத்தான் ஆகியவற்றையும் அப்படியே.

டயர் காற்று தனிக் கதை. கார் டயரில் 30 psi-க்கு மேல் அடிப்போம். குவாட் டயரில் பெரும்பாலும் 4 முதல் 7 psi வரைதான். சாதாரண கேஜ் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, இதற்கென்று விற்கிற லோ பிரஷர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று பிடித்தால் நொடியில் கூடிவிடும், கையால் அடிக்கும் பம்ப்பே போதும். இடது வலது டயர்களில் 2 psi வித்தியாசம் இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். குவாட் நேராகப் போக மாட்டேன் என்கிறது என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

புது வண்டி என்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு வளைந்த கம்பி நிற்கும். 2021 அக்டோபர் 11 முதல் இங்கே விற்கப்படும், பண்ணை வேலைக்கான புதிய குவாட்கள் எல்லாவற்றிலும் இந்தப் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். வண்டி கவிழ்ந்தால் அதற்கும் தரைக்கும் நடுவே உங்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்பதற்காக. பழைய வண்டி தந்தால், இந்தக் கம்பியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம் என்று முதலாளியிடம் தயங்காமல் சொல்லுங்கள். விற்பனையின்போது தொங்கும் அட்டையில் ஒரு கோணமும் போட்டிருக்கும். வண்டியைப் பக்கவாட்டில் எவ்வளவு சாய்த்தால் மேட்டுப் பக்கச் சக்கரங்கள் தூக்கத் தொடங்கும் என்ற கணக்கு அது. ஆள் இல்லாத வண்டியை வைத்து எடுத்த கணக்கு. ஓட்டுபவரும் சுமையும் சேர்ந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

படி 2: உடைகள்

பணம் குறைவாக இருந்தால் முழுவதையும் ஹெல்மெட்டில் போடுங்கள். பண்ணையில் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களைப் பார்த்துக் கற்க வேண்டிய விஷயங்கள் நிறைய உண்டு, இது அதில் சேராது.

ஹெல்மெட்டில் AS/NZS 1698 அல்லது ECE 22.05, 22.06 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். பண்ணைக்கென்றே NZS 8600 என்ற தரத்தில் இலேசான ஹெல்மெட்டும் உண்டு. வெயிலில் வசதி, ஆனால் மணிக்கு 30 கி.மீ.க்குக் குறைந்த வேகத்துக்கு மட்டும். மேய்ச்சல் நிலத்தில் ஊர்ந்து போகிறவருக்கு அது சரி, பாதையில் விரட்டுகிறவருக்குப் போதாது. சைக்கிள் ஹெல்மெட் எதற்கும் உதவாது.

அளவு எடுப்பது எளிது. புருவத்துக்கு இரண்டு விரல் மேலே டேப்பைச் சுற்றி அளந்து, அந்த அளவு ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டி, தலையை இடம் வலம் ஆட்டுங்கள். நெற்றித் தோலும் கன்னமும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் தனியாக ஆடினால் பெரிது. கடையிலேயே பத்து நிமிடம் போட்டு நில்லுங்கள், எங்காவது ஒரு புள்ளியில் வலித்தால் வேறு மாடல் பாருங்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். அதனால் பழைய ஹெல்மெட் யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கண்ணுக்குக் காகிள்ஸ். கூலிங் கிளாஸ் போதாது, பக்கவாட்டில் பூச்சியும் தூசியும் புகுந்துவிடும். கையுறை மெல்லியதாக இருக்கட்டும். தடித்த கையுறையில் கட்டை விரல் ஆக்சிலரேட்டரை உணராது, மதியத்துக்குள் விரலும் மரத்துப்போகும். கணுக்காலை மூடுகிற, குதி உள்ள பூட்ஸ் போட்டால் கால் மிதிதட்டிலிருந்து நழுவாது. ரப்பர் செருப்போடு ஏறுபவர்களைச் சொல்லி மாளாது. முழுக்கைச் சட்டை, முழு பேன்ட். துப்பட்டா, தளர்ந்த ஸ்கார்ஃப் எதுவும் வேண்டாம். பந்தய வீரர்கள் போடும் மார்புக் கவசத்துக்கு இந்த வேலையில் தேவை குறைவு.

ஒரு சின்னக் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிஎல்பி எனும் அவசர பீக்கன். கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாகத் தேடுதல் மையத்துக்குத் தகவல் போகும். மாதச் சந்தா கிடையாது, கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவில் இலவசமாகப் பதிந்தால் போதும். அதைச் சட்டைப் பையில் வையுங்கள். வண்டியின் பெட்டியில் வைத்தால், தூக்கி எறியப்பட்டு எழ முடியாமல் கிடக்கும்போது எட்டாது.

படி 3: சமதரையில்

லோ கியரில் நடை வேகத்தில் தொடங்குங்கள். இங்கேதான் மிக மோசமான டூவீலர் பழக்கம் வெளியே வரும்: வண்டி கொஞ்சம் சாய்ந்ததும் கால் தானாகத் தரையை நோக்கிப் போகும். குவாட்டில் கால் கீழே போனால் பின்சக்கரம் அதன் மேல் ஏறும். ஓடும்போது இரண்டு பாதமும் மிதிதட்டில்தான், எது நடந்தாலும். நின்று, கிளம்பி, நின்று, கால் அசையாமல் இருக்கும் வரை இதையே செய்யுங்கள்.

படி 4: வளைவு

பைக்கைச் சாய்த்தால் அதுவே திரும்பும். குவாட் சாயாது. அது தட்டையாக நிற்க, நாம்தான் அசைய வேண்டும். வளைவுக்கு முன்பே வேகம் குறையுங்கள். கைப்பிடியைத் திருப்பும்போது மேல் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, எடையை வெளிப்பக்கக் காலில் ஊன்றுங்கள். இடது பக்கம் திரும்பினால் தோள் இடதுபுறம், அழுத்தம் வலது காலில். அந்த நீளமான சீட் இப்படி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வதற்காகவே வைத்தது. ஒருவர் ஓட்டும் வண்டியில் பின்னால் ஆள் ஏற்றினால் இந்த இடம் போய்விடும், எடையும் பின்னால் குவியும். நண்பரே ஆனாலும் நடந்து வரட்டும். பெரியவர்களுக்கான வண்டிகளில் 16 வயதுக்குக் கீழ் ஓட்டக் கூடாது என்ற ஸ்டிக்கர் இருக்கும், பிள்ளைகள் கேட்டால் அதைக் காட்டுங்கள்.

படி 5: மேடு, சரிவு

வளைவு கைவந்த பிறகே இது. ஏறும்போது நேராக ஏறுங்கள், உடம்பு முன்னால். இறங்கும்போது லோ கியர், உடம்பு பின்னால், எஞ்சினே வேகத்தைப் பிடிக்கட்டும். சரிவில் குறுக்கே போவதை முடிந்தவரை தவிருங்கள். வேறு வழியில்லை என்றால் மேட்டுப் பக்கம் சாய்ந்து மெதுவாக.

ஏறும் வழியில் எஞ்சின் நின்றுவிட்டால்? பிரேக் பிடித்து எடையை முன்னால் தள்ளி, பார்க்கிங் பிரேக் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். வண்டி பின்னால் உருளத் தொடங்கியிருந்தால் பின் பிரேக்கை மட்டும் அழுத்தாதீர்கள், முன்பக்கம் தூக்கி உங்கள் மேலேயே வரும். வண்டியைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால் விட்டுவிட்டு விலகுங்கள். பைக்கைப் போலத் தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், இதன் எடை பல வண்டிகளில் 300 கிலோவை ஒட்டி இருக்கும்.

படி 6: சுமை

முன் ரேக், பின் ரேக் ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோ என்று ஸ்டிக்கரில் இருக்கும். 50 லிட்டர் மருந்துத் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 50 கிலோ, தொட்டியும் பம்ப்பும் தனி. பாதி நிறைந்த தொட்டி இன்னும் தொல்லை, வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் அலைந்து வண்டியையும் இழுக்கும். எதையாவது கட்டி இழுப்பதாக இருந்தால் பின்னாலுள்ள ஹிட்ச் எனும் இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். ரேக்கில் கட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பிவிடும்.

கோடையில் வேலை முடிந்ததும் சைலன்சரைச் சுற்றி சிக்கிய காய்ந்த புல்லை எடுத்துவிடுங்கள், புல்வெளியே பற்றிக்கொள்ளும். புது வண்டியின் எஞ்சின் பழகும் காலத்தில் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் தொடர்ந்து அழுத்த வேண்டாம். பல நிறுவனங்கள் முதல் 20 மணி நேரத்தை ஒட்டி முதல் சர்வீஸைக் கேட்கின்றன. ஆயில் மாற்றும்போது சக்கர நட்டுகளையும் கம்பியின் போல்ட்டுகளையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், புது வண்டியில் அவை தளர்வதுண்டு.