குரோமில் வந்து விழும் விளம்பர அறிவிப்புகளை நிறுத்த

"உங்கள் போனில் 5 வைரஸ்!" என்று அடிக்கடி அறிவிப்பு வருகிறதா? பெரும்பாலும் அது வைரஸே இல்லை. படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன ஏதோ ஒரு தளம், "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் (Allow) அழுத்தவும்" என்று கேட்டிருக்கும். நாமும் அவசரத்தில் அழுத்தியிருப்போம். அந்த அனுமதியைத்தான் பறிக்க வேண்டும். வைரஸ் கிளீனர் ஆப் எதையும் இறக்காதீர்கள், அது வேறு தலைவலி.

ஆண்ட்ராய்டு குரோமில் மேலே உள்ள மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தொல்லை தரும் அறிவிப்பிலேயே தளத்தின் முகவரி சின்ன எழுத்தில் தெரியும். அதைப் பட்டியலில் தேடித் தடுத்துவிடுங்கள். பெயர் தெரியாத மற்றவற்றையும் சேர்த்தே தடுக்கலாம், நஷ்டமில்லை. அப்புறம் மேலே உள்ள பொது சுவிட்சையும் அணைத்துவிட்டால், இனி எந்தத் தளமும் அனுமதி கேட்டு நிற்காது.

ஒன்றைத் தொட்டால் வேறு பக்கத்துக்கு இழுத்துப் போகிறதா? அதே சைட் செட்டிங்ஸில் பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குரோமைத் திறக்காமலே முழுத்திரை விளம்பரம் வந்தால், அது ஏதோ ஆப்பின் வேலை. சமீபத்தில் ஏற்றிய டார்ச், வால்பேப்பர் ஆப்களிலிருந்து நீக்க ஆரம்பியுங்கள்.