அயர்லாந்து மாலுமி ஒருவரின் கடற்படைப் பணிப்பதிவை வாசிப்பது எப்படி

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மரப்பெட்டியைத் திறந்து பேரேட்டையும் ஐந்தொகையையும் ஒருமுறையாவது புரட்டிப் பார்த்தவர்களுக்கு, பிரிட்டிஷ் கடற்படையின் பணிப்பதிவுத் தாள் அந்நியமாகத் தோன்றாது. அங்கும் ஒரு மனிதரின் இருபது ஆண்டு வாழ்க்கை கட்டங்களுக்குள், பிறர் கையெழுத்தில், காரணம் சொல்லப்படாத வரிகளாக அடங்கியிருக்கிறது. தென்துருவப் பயணங்களைப் பற்றித் தமிழில் எழுத விரும்பும் எங்கள் ஊர் மாணவர்கள் சிலர், அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்து அனஸ்கால் கிராமத்தில் பிறந்த டாம் கிரீன் என்ற மாலுமியைப் பற்றி என்னிடம் கேட்டபோது, அவர்களுடைய முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது: தண்டனை பெற்றுத் தகுதி குறைக்கப்பட்ட ஒருவர் எப்படி வீரராகக் கொண்டாடப்படுகிறார்? அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் பதிவை வாசிக்கும் முறையை முதலில் கற்க வேண்டும். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாலுமி எந்தக் காலத்தவர் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்; தேட வேண்டிய இடம் அதைப் பொறுத்தே மாறும். 1853-க்கு முன்பு சாதாரண மாலுமிகள் கடற்படையில் நிரந்தரமாகச் சேர்வதில்லை. ஒரு கப்பலுக்கென்று சேர்க்கப்பட்டு, அந்தக் கப்பல் பணி முடித்துத் திரும்பியதும் கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்டார்கள். ஆகவே அக்காலத்தவரைத் தேடுவதற்கு அவர் பெயரைவிடக் கப்பலின் பெயரே முக்கியம். அது தெரியாமல் வருகைப் பதிவேடுகளுக்குள் இறங்கினால் மாதக்கணக்கில் அலைய நேரும். 1853-இல் தொடர்பணி முறை வந்த பிறகு ஒவ்வொரு மாலுமிக்கும் ஓர் எண் தரப்பட்டது. அந்தப் பதிவுகள் லண்டனுக்கு அருகே கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் 139, ஏடிஎம் 188 என்ற தொகுதிகளில் உள்ளன (ஏடிஎம் என்பது ADM; அட்மிரால்டி எனப்படும் கடற்படைத் தலைமையகத்தின் ஆவணங்களுக்கான குறி). பெயர், பிறந்த ஊர், பிறந்த நாள் ஆகியவற்றைக் கொண்டு அதன் இணையப் பட்டியலில் கட்டணமின்றித் தேடலாம். தாளின் படத்தைப் பெறுவதற்கு மட்டும் சிறு தொகை செலுத்த வேண்டியிருக்கும்.

தேடும்போது பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் நம்பியிருக்கக் கூடாது. அயர்லாந்துப் பெயர்களின் முன்னே வரும் 'ஓ', 'மெக்' ஆகிய ஒட்டுகளைச் சேர்த்தும் நீக்கியும் எழுதிப் பார்க்க வேண்டும். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களையும் அவ்வாறே மாற்றிப் பார்க்க வேண்டும். பிறந்த நாளையும் உறுதியானதாகக் கொள்ளாதீர்கள். கிரீனின் பிறந்த நாள் 1877 ஜூலை 20 என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பிறந்த ஊர்த் தேவாலயப் பதிவோ அதே ஆண்டின் பிப்ரவரி மாதத்தைக் காட்டுகிறது. வறிய வீட்டுப் பிள்ளைகளின் வயது, சேரும் இடத்தில் சொல்லப்பட்டதே கணக்கு என்ற நிலையில் பதிவானது. நம் ஊரிலும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த நாளும் சாதகத்தில் உள்ளதும் வேறாக இருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு.

தாள் கைக்கு வந்ததும் தண்டனை எங்கே என்று தேடிக்கொண்டு ஓடாதீர்கள். மேலிருந்து கீழாக, கப்பலின் பெயர், தகுதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நடத்தை, நீங்கிய காரணம் என்ற கட்டங்களை ஒவ்வொன்றாக ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். தகுதிகளின் வரிசை உங்களுக்கு எளிதில் விளங்கும். செட்டிநாட்டுக் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தது போலவே, அங்கு இரண்டாம் வகுப்புப் பையன், முதல் வகுப்புப் பையன், சாதாரண மாலுமி, தேர்ந்த மாலுமி, முன்னணி மாலுமி, பெட்டி ஆபீசர் (petty officer, மாலுமிகளை மேற்பார்க்கும் சிறுநிலை அதிகாரி), தலைமைப் பெட்டி ஆபீசர் என்ற படிகள் உண்டு. ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் கொண்டுவிற்கப் போன நம்மவர்கள் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கில் சம்பளம் பேசிக்கொண்டு போனார்கள்; கடற்படைப் பையனுக்கோ பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம், அதுவும் பதினெட்டு வயது நிறைந்த பிறகே எண்ணப்பட்டது. கிரீன் 1893 ஜூலையில் இரண்டாம் வகுப்புப் பையனாகச் சேர்ந்து டெவன்போர்ட்டில் பயிற்சிக் கப்பலுக்குச் சென்றார்.

கப்பல்களின் பெயர்களில் ஒரு பொறி உண்டு. விவிட், பெம்புரோக், விக்டரி என்ற பெயர்கள் தாளில் திரும்பத் திரும்ப வரும்போது, மாலுமி அந்தக் கப்பல்களில் கடலோடியதாக எழுதிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் டெவன்போர்ட், சாத்தம், போர்ட்ஸ்மவுத் ஆகிய துறைமுகங்களின் கரைமுகாம்களைக் குறிக்கும்; அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்த காலம் அந்தப் பெயர்களில் பதிவாகியிருக்கும். 1899-இல் இரண்டாம் வகுப்புப் பெட்டி ஆபீசராக உயர்ந்திருந்த கிரீனின் பெயர் விவிட்டில் இருந்தது. அவர் 1900 பிப்ரவரியில் நியூசிலாந்துக் கடலில் பணியாற்றிய ரிங்கரூமா என்ற கப்பலுக்கு மாற்றப்பட்டார்.

நடத்தைக் கட்டத்தில் உள்ள சுருக்கெழுத்துகள் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று தலைவர் இட்ட மதிப்பீட்டைக் காட்டுகின்றன. 'மிக நன்று' என்பதற்குரிய குறி தொடர்ந்து வந்து, திடீரென்று 'நன்று' அல்லது 'சுமார்' என்று இறங்கினால் அந்த ஆண்டில் ஏதோ நடந்திருக்கிறது. நன்னடத்தைப் பட்டைகள் மூன்று, எட்டு, பதின்மூன்று ஆண்டுப் பணிக்குப் பின் கிடைத்தன. ஒவ்வொரு பட்டைக்கும் நாளொன்றுக்கு ஒரு பென்னி கூடுதல் சம்பளம் உண்டு. ஆகையால் பட்டை பறிக்கப்பட்டது என்ற குறிப்பு, மானத்தோடு வருமானமும் போனது என்று பொருள்படும். சிறையறையில் கழித்த நாட்களும் தாளில் குறிக்கப்பட்டிருக்கும். பறிக்கப்பட்ட பட்டை எந்த நாளில் மீண்டும் தரப்பட்டது என்பதையும் தேடி எழுதுங்கள். பலர் பறித்ததை எழுதிவிட்டுத் திருப்பித் தந்ததை விட்டுவிடுகிறார்கள்.

இனி அந்த வரிக்கு வருவோம். 1901 டிசம்பர் 18 அன்று கிரீன் பெட்டி ஆபீசர் தகுதியிலிருந்து தேர்ந்த மாலுமியாக இறக்கப்பட்டார். என்ன குற்றம் என்று பதிவு சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் எழுதுபவரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. அயர்லாந்து மாலுமி என்றதும் குடித்திருப்பார், கைகலந்திருப்பார் என்று நிரப்பிவிடும் பழக்கம் ஆங்கிலத்தில் நெடுங்காலமாக உண்டு. அதை நாம் தமிழில் வளர்க்க வேண்டியதில்லை. கப்பல் தலைவர் தம் அதிகாரத்தில் நேரடியாக விதித்த தண்டனைக்கு விசாரணைக் கோப்பு இருக்காது. பெருங்குற்றங்களுக்கான இராணுவ நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு மட்டுமே தனிக் கோப்புகள் உண்டு. எனவே காரணம் காணாவிட்டால் அதே நாளுக்குரிய கப்பல் நாட்குறிப்பை, ஏடிஎம் 53 தொகுதியில், ஒருமுறை பார்க்க முயலுங்கள். அங்கும் இல்லையெனில் 'காரணம் பதிவில் இல்லை' என்ற மூன்று சொற்களை எழுதி, மேலும் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்.

பிறகு அடுத்த வரியைப் பாருங்கள். தென்துருவப் பயணத் தலைவர் ராபர்ட் ஸ்காட்டின் டிஸ்கவரி கப்பல் அப்போது நியூசிலாந்தின் லித்தல்டன் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. ரிங்கரூமாவின் ஆட்கள் அதற்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள். டிஸ்கவரியில் இருந்த ஒரு மாலுமி தன் மேலாளை அடித்துவிட்டு ஓடிப்போனதால் ஓர் இடம் காலியாயிற்று. கிரீன் அந்த இடத்திற்கு முன்வந்தார், ஏற்றுக்கொள்ளப்பட்டார். தகுதி இறங்கிய மூன்றாம் நாள், டிசம்பர் 21 அன்று, டிஸ்கவரி லித்தல்டனை விட்டுப் புறப்பட்டது. 1904 ஏப்ரலில் அது திரும்பிவந்த பின், ஸ்காட்டின் பரிந்துரையால் அவர் முதல் வகுப்புப் பெட்டி ஆபீசராக உயர்த்தப்பட்டார். அதாவது எந்தப் படியிலிருந்து இறக்கப்பட்டாரோ அதைவிட ஒரு படி மேலே. தண்டனை வரியை மட்டும் வெட்டி எடுத்து வாசித்தால் இந்த மனிதரைக் காணவே முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தபோது, அவர் கணக்கில் ஒரு தொகை பற்று வைக்கப்பட்டு, சம்பளமும் குறைக்கப்பட்டதாகப் பேரேட்டில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்த எங்கள் அப்பச்சி (என் தந்தை), தம் தகப்பனார் கைநீட்டிவிட்டாரோ என்று பல ஆண்டுகள் மனத்துக்குள் மருகியவர். அடுத்த கணக்காண்டின் ஏட்டை, வேறொரு பங்காளி வீட்டுப் பெட்டியிலிருந்து, நான் எடுத்துவந்த அன்றுதான் அந்தத் தொகை வரவு வைக்கப்பட்டு, சம்பளம் முன்னைவிடக் கூட்டப்பட்டிருந்தது தெரிந்தது. பற்று வைத்ததற்கும் பின்னர் வரவு வைத்ததற்கும் காரணம் எங்கும் எழுதப்படவில்லை. அப்பச்சி அந்தப் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

பழங்கால மாலுமியைத் தேடுகிறவர்களுக்குச் சுருக்கமாக ஒரு குறிப்பு. 1853-க்கு முந்தைய வருகைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே ஓரிரு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'டி' என்றால் நீங்கினார், 'டிடி' என்றால் இறந்தார், 'ஆர்' என்றால் ஓடிப்போனார். ஓடியவரின் பாக்கிச் சம்பளம் முழுவதும் பறிபோகும். ஆனால் அந்த எழுத்தைப் படிக்கும்போது, வலுக்கட்டாயமாகப் பிடித்துவரப்பட்ட ஏராளமானோர் அந்தக் கப்பல்களில் இருந்ததையும், நூறாண்டுக்கு மேல் மாலுமிகளின் சம்பளம் உயர்த்தப்படாததையும், பதினாறு அவுன்ஸ் பவுண்டுக்குப் பதிலாகப் பண்டக அதிகாரி பதினான்கு அவுன்ஸே அளந்து கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றை எதிர்த்துத்தான் 1797 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத்துக்கு அருகே கப்பல்கள் நங்கூரமிடும் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் நங்கூரம் எடுக்க மறுத்தார்கள். அவர்களுள் அயர்லாந்துக்காரர்கள் ஏராளம்.

கடற்படைத் தாள் முடியும் இடத்தில் உங்கள் வேலை முடிவதில்லை. மாலுமியின் வீட்டைத் தேட வேண்டும். 1922-இல் டப்ளினின் ஆவண அலுவலகம் தீக்கிரையானபோது அயர்லாந்தின் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது; 1861 முதல் 1891 வரையிலானவை அதற்கு முன்பே அரசாலேயே அழிக்கப்பட்டிருந்தன. முழுமையாக எஞ்சியுள்ள 1901, 1911 கணக்குகளை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கத்தோலிக்கத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகள் அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் தளத்தில் உள்ளன. கடலில் இருந்த மகனின் பெயர் வீட்டுக் கணக்கில் இருக்காது. பெற்றோரும் உடன்பிறந்தோரும் இருப்பார்கள். அவர்கள் என்ன மொழி பேசினார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களா, எத்தனை பிள்ளைகளைப் பெற்று எத்தனை பேரைப் பறிகொடுத்தார்கள் என்பவற்றை 1911-இன் படிவம் சொல்லும். ஏன் ஒரு பையன் பதினாறு வயதில் அந்நியக் கொடியின் கீழ் சேர்ந்தான் என்ற கேள்விக்கு, தளபதிகளின் நினைவுக் குறிப்புகளைவிட அந்தப் படிவமே நெருக்கமான விடை.

பணி முடிந்த பின் மாலுமி ஏன் பேசவில்லை என்பதையும் அங்கேதான் தேட வேண்டும். கிரீன் 1912 பிப்ரவரியில், ஸ்காட்டின் அடுத்த தென்துருவப் பயணத்தில் நோயுற்று விழுந்த துணைத்தலைவர் எட்வர்ட் எவன்ஸைக் காப்பாற்றுவதற்காக, மூன்று பிஸ்கட்டும் சிறிது சாக்லேட்டும் மட்டும் வைத்துக்கொண்டு பனிவெளியில் ஏறத்தாழ 56 கிலோமீட்டரைப் பதினெட்டு மணி நேரத்தில் தனியாக நடந்தவர். அதற்காக, உயிர் காத்தவர்களுக்குத் தரப்பட்ட ஆல்பர்ட் பதக்கம் பெற்றவர். 1916-இல் மற்றொரு தென்துருவப் பயணத் தலைவரான ஷாக்கிள்டனுடன் சிறு படகில் தெற்கு ஜார்ஜியா தீவை அடைந்து, அதன் மலைகளைக் கடந்தவர். 1920 மார்ச்சில் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். அப்போது அயர்லாந்தில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம், 25-ஆம் தேதி, பிரிட்டிஷ் ஆட்சியின் காவல்படையில் இருந்த அவருடைய அண்ணன்தம்பிகளில் ஒருவரான கார்னீலியஸ் தாக்குதலில் கொல்லப்பட்டார். பிரிட்டிஷ் மன்னர் கையால் பெற்ற பதக்கத்தை அந்த ஊரில் எவரிடம் காட்டுவது? அவர் பதக்கங்களை எடுத்து வைத்துவிட்டு, சவுத் போல் இன் என்ற பெயரில் ஒரு மதுவிடுதி நடத்தி, பயணங்களைப் பற்றி வாய் திறக்காமலே 1938 ஜூலை 27 அன்று இறந்தார்.

ஆகவே கட்டுரையை எழுத உட்காரும்போது கடற்படைத் தாளில் உள்ள நாட்களை இடப்பக்கமும், அதே நாட்களில் அவர் ஊரிலும் வீட்டிலும் நடந்தவற்றை வலப்பக்கமும் எழுதி, இரண்டையும் ஆண்டு வாரியாகப் பொருத்திக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் அதை வெற்றிடமாகவே விட்டு, அடுத்து எந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வையுங்கள்.