‘ரன்’ என்ற ஒரே சொல்லைப் படிப்படியாகக் கற்றுக்கொள்வது எப்படி? – மலையில் வேலை செய்வோருக்கான ஆங்கிலப் பாடம்

உதகை, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் தங்கும் விடுதியிலோ கம்பளி உடைக் கடையிலோ வாடகை வண்டியிலோ வேலை செய்பவர்களுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் காதுவழியாகவே வந்து சேர்கிறது. பயணிகள் பேசுவதைக் கேட்டு, சூழலை வைத்துப் பொருளை ஊகித்துப் பழகியவர்களையும் தடுமாறச் செய்யும் சிறு சொற்களில் முதன்மையானது ‘ரன்’. ‘ஓடு’ என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்த சொல்தானே என்று அதை விட்டுவிடுகிறோம். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தி எழுதியவர்கள், வினைச்சொல்லாக மட்டுமே இதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டியிருப்பதாக 2011-இல் செய்தி வெளியானது. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘ரன்’ வரும் எந்த வாக்கியத்திலும் எழுவாய் எது, செயப்படுபொருள் உண்டா, பின்னால் எந்தச் சிறுசொல் ஒட்டியிருக்கிறது என்று இதே வரிசையில் பார்க்கப் பழகினால், அன்றாட வேலைக்குத் தேவையான பொருள்கள் ஏறக்குறைய எல்லாம் பிடிபட்டுவிடும்.

முதல் படி: ஓடுவது எது என்று பாருங்கள்

மனிதரோ விலங்கோ எழுவாயாக இருந்தால் பெரும்பாலும் நாம் அறிந்த ஓட்டம்தான். அதில் கற்க அதிகமில்லை. வண்டி எழுவாயாக வரும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. “த ட்ரெய்ன் ரன்ஸ் ஃப்ரம் மேட்டுப்பாளையம் டு ஊட்டி” என்றால், அந்த வழித்தடத்தில் ரயில் சேவை நடக்கிறது என்று பொருள். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்து சேர்ந்த, ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள நம் மலை ரயிலைப் பற்றிப் பயணிகள் கேட்கும் கேள்விகளில் பாதி இந்தச் சொல்லை வைத்தே அமைகின்றன என்பதால், இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

“டஸ் த ட்ரெய்ன் ரன் எவ்ரி டே?” என்பது வழக்கத்தைப் பற்றிய கேள்வி. “இஸ் த ட்ரெய்ன் ரன்னிங் டுடே?” என்பது இன்றைய நிலையைப் பற்றிய கேள்வி. இரண்டுக்கும் தமிழில் “ரயில் ஓடுதா?” என்றே கேட்டுவிடலாம், ஆங்கிலத்தில் விடையும் வேறாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதையில் மண் சரிந்து சேவை நிறுத்தப்படும் நாள்களில், “த ட்ரெய்ன் டஸ் நாட் ரன்” என்று சொன்னால், ரயில் சேவையே கிடையாது என்று பயணி நினைத்துவிடுவார். “த ட்ரெய்ன் இஸ் நாட் ரன்னிங் டுடே” என்று சொல்வதுதான் சரி. தாமதமாக வருகிறது என்றால் “இட் இஸ் ரன்னிங் ஒன் அவர் லேட்”. எதனால் இயங்குகிறது என்று சொல்ல ‘ஆன்’ சேர்க்க வேண்டும்: குன்னூரிலிருந்து உதகை வரையிலான பகுதியைப் பற்றிக் கேட்டால், “ஃப்ரம் குன்னூர் டு ஊட்டி, இட் ரன்ஸ் ஆன் டீசல்” என்று சொல்லலாம்.

திரவம் எழுவாயாக வந்தால் ‘ஓடு’ என்ற சொல் பாதி வழிதான் துணைவரும். “த ரிவர் ரன்ஸ்” என்றால் ஆறு ஓடுகிறது. இங்கே இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. “மை நோஸ் இஸ் ரன்னிங்” என்றால் மூக்கு ஒழுகுகிறது. “த டேப் இஸ் ரன்னிங்” என்றால் குழாய் திறந்து கிடக்கிறது, தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. விடுதிப் பலகைகளில் நாமே எழுதி வைக்கும் ‘ரன்னிங் ஹாட் வாட்டர்’ என்பதும் குழாயிலேயே வரும் வெந்நீரைத்தான் குறிக்கிறது, வாளியில் கொண்டுவந்து தருவதை அன்று.

கம்பளி உடைக் கடையில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. சிவப்பு ஸ்வெட்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெண்மணி, “வில் த கலர் ரன்?” என்று கேட்கிறார். சாயம் போகுமா, மற்றத் துணியில் ஒட்டுமா என்பதுதான் அவருடைய கேள்வி. சாயம் நிற்கும் என்பது உறுதியாகத் தெரிந்தால் “நோ, இட் வோன்ட் ரன்” என்று சொல்லலாம். தெரியாவிட்டால் “இட் மே ரன் எ லிட்டில், ப்ளீஸ் வாஷ் இட் செபரேட்லி” என்று சொல்வதே நேர்மை. பெரும்பாலோர் அதற்காக வாங்காமல் போய்விடுவதில்லை.

சாலை, பாதை, மலைத்தொடர், வேலி போன்ற அசையாத பொருள்களும் ஆங்கிலத்தில் ‘ரன்’ செய்யும். “த ரோட் டு கோத்தகிரி ரன்ஸ் த்ரூ டீ கார்டன்ஸ்” என்றால் கோத்தகிரிச் சாலை தேயிலைத் தோட்டங்களின் ஊடே செல்கிறது என்று பொருள்.

இரண்டாம் படி: எதை, யாரை என்று கேளுங்கள்

‘ரன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நேரடியாக ஒரு பெயர்ச்சொல் வந்தால், ‘நடத்து’, ‘இயக்கு’ ஆகிய பொருள்களை முதலில் பொருத்திப் பாருங்கள். “ஹூ ரன்ஸ் திஸ் ப்ளேஸ்?” என்று ஹோம்ஸ்டேயில் தங்கியிருப்பவர் கேட்டால், இதை நடத்துவது யார் என்று கேட்கிறார். “மை ஆன்ட் ரன்ஸ் இட்” என்று பதில் சொல்லலாம்.

இதே இடத்தில் தமிழ் நம்மைத் தவறான வழிக்கும் இழுக்கும். ‘கடை நல்லா ஓடுது’ என்ற நினைப்பில் “த ஷாப் இஸ் ரன்னிங் வெல்” என்று பலர் சொல்கிறார்கள். கேட்பவர், கடை ஒழுங்காக நிர்வகிக்கப்படுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். வியாபாரம் சூடாக இருக்கிறது என்பது அவருக்குப் போய்ச் சேராது. அதற்கு “த ஷாப் இஸ் டூயிங் வெல்” என்பதே வழக்கு. வண்டி ஓட்டுவதற்கும் ‘ரன்’ பொருந்தாது: “ஐ ரன் எ டாக்ஸி” என்றால் வாடகை வண்டித் தொழில் நடத்துகிறேன் என்றாகும், ஓட்டுகிறேன் என்பதற்கு ‘ட்ரைவ்’ வேண்டும். ‘எனக்கு ஒண்ணும் ஓடல’, ‘பொழுது ஓடல’ போன்ற நம் வழக்குகளையும் ‘ரன்’ வைத்து மொழிபெயர்க்க முயல வேண்டாம்.

பெயர்ச்சொல் ஒரு மனிதரைக் குறித்தால் பொருள் மீண்டும் மாறுகிறது. “குட் யூ ரன் அஸ் டு த ஸ்டேஷன்?” என்று விருந்தினர் கேட்டால், வண்டியில் கொண்டுபோய் ஸ்டேஷனில் விட முடியுமா என்று கேட்கிறார். “ரன் த ஹாட் வாட்டர் ஃபார் எ மினிட்” என்பது, குளியலறையிலிருந்து கீசர் தள்ளி இருக்கும் வீடுகளில் நாம் விருந்தினருக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம்: சூடு வரும்வரை ஒரு நிமிடம் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள் என்று பொருள். “ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்” என்றால் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

மூன்றாம் படி: ஒட்டிவரும் சிறுசொல்லை விடாதீர்கள்

எனக்கு இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. ஏனென்றால், முதல் இரண்டு படிகளில் பொருளை ஓரளவு ஊகித்துவிடலாம், இங்கே ஊகம் எளிதில் கைகொடுப்பதில்லை.

‘ரன் அவுட்’ என்றதும் நமக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வரும். கடையில் அதன் பொருள் ‘தீர்ந்துபோதல்’. இதற்கு இரண்டு அமைப்புகள் உண்டு. தீர்ந்த பொருளை எழுவாயாக வைத்தால் “த வர்க்கி ஹேஸ் ரன் அவுட்” என்று முடித்துவிட வேண்டும். நம்மை எழுவாயாக வைத்தால் ‘ஆஃப்’ கட்டாயம் வேண்டும்: “வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் வர்க்கி”. அந்த ‘ஆஃப்’ விடுபடுவதுதான் நான் அடிக்கடி கேட்கும் பிழை. முழுவதும் தீரவில்லை, தீரும் நிலையில் இருக்கிறது என்றால் “வி ஆர் ரன்னிங் லோ ஆன் பெட்ரோல்” என்பதுபோல் ‘லோ ஆன்’ சேர்க்க வேண்டும். மலைச் சாலையில் பெட்ரோல் பங்க் தொலைவில் இருக்கும்போது இந்த வேறுபாட்டைச் சரியாகச் சொல்வது, பயணியைத் தேவையில்லாமல் பதறவிடாமல் இருக்க உதவும்.

‘ரன் இன்டு’ என்பதற்கு ‘தற்செயலாகச் சந்தித்தல்’, ‘மோதுதல்’ என்ற இரு பொருள்களும் உண்டு. “ஐ ரேன் இன்டு மை டீச்சர் அட் த மார்க்கெட்” என்றால் ஆசிரியரைச் சந்தையில் தற்செயலாகப் பார்த்தேன். “த ஜீப் ரேன் இன்டு எ ட்ரீ” என்றால் ஜீப் மரத்தில் மோதியது. ‘ரன் ஓவர்’ என்பது வண்டி ஏறிவிடுதல். பர்லியாறு அருகே குரங்குகளுக்குத் தீனி போட வண்டியை நிறுத்தச் சொல்லும் பயணியிடம், “நோ சார், தே கம் ஆன் த ரோட் அண்ட் கெட் ரன் ஓவர்” என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். ‘ரன் டவுன்’ என்றால் பேட்டரி தீர்ந்துபோதல். ‘ரன் அப் எ பில்’ என்றால் கட்டணத்தை ஏறவிடுதல். நாள்களைக் குறிக்கும் சொற்களுக்குப் பின்னால் ‘ரன்னிங்’ வந்தால் ‘தொடர்ந்து’ என்று பொருள்: “இட் ரெய்ன்ட் ஃபார் த்ரீ டேஸ் ரன்னிங்”, அதாவது தொடர்ந்து மூன்று நாள் மழை.

நான்காம் படி: காலத்துக்கேற்ற வடிவம்

நிகழ்காலத்தில் ரன், இறந்தகாலத்தில் ரேன், ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ ஆகியவற்றுக்குப் பின்னால் மீண்டும் ரன். “ஹேஸ் ரேன்” என்பது தவறு. பெயர்ச்சொல்லாக வரும் ‘இன் த லாங் ரன்’ (நாளடைவில்), ‘ட்ரையல் ரன்’ (வெள்ளோட்டம்) ஆகிய இரண்டையும் இப்போதைக்குத் தெரிந்துவைத்தால் போதும்.

பயிற்சி

கீழே உள்ள வாக்கியங்களைப் படித்து, விடையைப் பார்க்கும் முன் ஒவ்வொன்றிலும் எந்தப் படி பொருளைத் தந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

“வி ரேன் இன்டு எ ஹெர்ட் ஆஃப் எலிஃபன்ட்ஸ் நியர் மசினகுடி.”
“ஹர் பிரதர் ரன்ஸ் எ சாக்லேட் ஷாப் இன் கொடைக்கானல்.”
“மை ஃபோன் பேட்டரி ஹேஸ் ரன் டவுன்.”
“த பாத் ரன்ஸ் டவுன் டு த ஃபால்ஸ்.”

முதல் வாக்கியத்தில் யானைக் கூட்டம் எதிர்ப்பட்டது. பொருளைத் தந்தது ‘இன்டு’, அதாவது மூன்றாம் படி. இரண்டாவதில் கடை செயப்படுபொருளாக வருவதால் ‘நடத்துகிறார்’. இது இரண்டாம் படி. மூன்றாவதிலும் நான்காவதிலும் ‘டவுன்’ வருகிறது, ஆனால் அது ஒரே வேலையைச் செய்யவில்லை. பேட்டரி கீழ்நோக்கிப் போக முடியாது என்பதால் அங்கே ‘ரன் டவுன்’ முழுவதும் சேர்ந்து ‘தீர்ந்துவிட்டது’ என்ற ஒரே பொருளைத் தருகிறது. பாதை உண்மையாகவே கீழ்நோக்கிச் செல்லக்கூடியது என்பதால் இங்கே ‘டவுன்’ திசையை மட்டும் சொல்கிறது; அருவிவரை இறங்கிச் செல்கிறது பாதை என்ற பொருள் முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது.