ஃபிரீசரில் மூன்று டம்ளர்: உறைவதை வீட்டிலேயே பார்க்கலாம்

போன கோடையில் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி ஃபிரீசரில் வைத்துவிட்டு மறந்து போனேன். காலையில் பாட்டில் சுக்குநூறு. நடுவில் பாட்டில் உருவத்திலேயே ஐஸ் நின்றுகொண்டிருந்தது. ஏன் உடைந்தது என்று ஒரே ராத்திரியில் பார்த்துவிடலாம்.

தேவையானவை: ஒரே அளவில் மூன்று பிளாஸ்டிக் டம்ளர் (உள்ளே இருப்பது தெரிய வேண்டும்), தேங்காய் எண்ணெய், கல் உப்பு, ஸ்டிக்கர் பொட்டு.

படி 1: ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் மூன்று ஸ்பூன் உப்பு கரைத்த தண்ணீர், ஒன்றில் எண்ணெய். முக்கால் டம்ளர் போதும். மட்டத்துக்கு நேராக வெளியே பொட்டு ஒட்டுங்கள்.

படி 2: தண்ணீர் இரண்டும் ஃபிரீசருக்கு. எண்ணெயை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைய ஆரம்பித்துவிடும். மார்கழியில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

படி 3: காலையில் எண்ணெயை முதலில் எடுங்கள். வெள்ளையாக இறுகி, நடுவில் குழி விழுந்திருக்கும். உறையும்போது சுருங்குவதுதான் பெரும்பாலான திரவங்களின் வழக்கம். தண்ணீர் டம்ளரில் கதை தலைகீழ்: ஐஸ் பொட்டைத் தாண்டி ஏறி, நடுவில் மேடு தட்டியிருக்கும். 4 டிகிரி வரை தண்ணீரும் ஒழுங்காகச் சுருங்குகிறது. அதற்கப்புறம் விரிகிறது. உறையும்போது அதன் மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அறுகோணக் கூடாகக் கைகோத்துக்கொள்வதால், 200 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 218 மில்லி ஐஸ் ஆகிறது. மூடிய பாட்டிலில் அந்த 18 மில்லிக்கு ஏது இடம்?

ஐஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் கண்ணாடி மாதிரி, நடுவில் வெண்புகை. தண்ணீரில் கரைந்திருந்த காற்றுக்கு ஐஸில் இடமில்லை. ஓரத்திலிருந்து விரட்டப்பட்டு, கடைசியில் உறையும் நடுப்பகுதியில் குமிழாக மாட்டிக்கொள்கிறது.

படி 4: உப்புத் தண்ணீரில் ஸ்பூனால் குத்துங்கள். நல்ல தண்ணீர் ஐஸ் அளவுக்குக் கெட்டியாக இருக்காது. ஐஸ் உப்பையும் சேர்ப்பதில்லை. மிச்சத் தண்ணீரில் உப்பு கூடிக்கொண்டே போக, அதை உறைய வைக்க இன்னும் குளிர் வேண்டும்.

படி 5: உறைந்த எண்ணெயில் ஒரு துண்டை உருகிய எண்ணெயில் போடுங்கள், மூழ்கும். ஐஸைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். குளிர்நாட்டு ஏரிகளில் ஐஸ் மேலேயே நிற்பது இதனால்தான். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அதை வெட்டி, கப்பலேற்றி, 1842இல் கட்டிய நம் சென்னை ஐஸ் ஹவுஸில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். சென்னைச் சூட்டில் தானே உருகிவிடும், தலைக்குத் தேய்த்துக்கொள்ளலாம்.