சிறுவர் செவ்வியல் நூல் திரைக்கு வரும்போது: பார்வையாளர் கருத்துகளை எடைபோடும் முறை

சிறுவர் இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்ட ஒரு நூல் மாயாஜாலப் படமாக வெளிவரும்போது, முதல் வார இறுதிக்குள்ளேயே ஒன்றுக்கொன்று முரணான கருத்துகள் வந்து குவிந்துவிடுகின்றன. புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் கொதிக்கிறார்; சிறு வயதில் படித்தது கண்முன் வந்து நின்றது என்று இன்னொருவர் நெகிழ்கிறார்; பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்கிறார் ஒரு தாய்; என் மகன் மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிறான் என்கிறார் மற்றொரு தாய். இவர்களில் யாரும் பொய் சொல்வதில்லை. ஆகவே ஒரு கருத்தை ஏற்பதற்கோ தள்ளுவதற்கோ முன்னால், அதைச் சொல்பவர் யார், எதை எதிர்பார்த்துத் திரையரங்கிற்குள் நுழைந்தவர் என்று கண்டறிவதுதான் செய்ய வேண்டிய முதல் வேலை. பிள்ளையை அழைத்துச் செல்லலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும், மாணவர்களுக்குப் படம் காட்ட நினைக்கும் ஆசிரியருக்கும், படத்தைப் பற்றி எழுத விரும்புவோருக்கும் பயன்படட்டும் என்று அதற்கான வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் நூலைக் கையில் எடுங்கள்

கருத்துகளைப் படிக்கத் தொடங்குவதற்கு முன், மூல நூலை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. முழுவதும் படிக்க நேரமில்லை என்றால், அது எவ்வளவு பெரிய நூல், கதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதில் அச்சம் தரும் இடம் எது என்ற மூன்றை மட்டுமாவது தெரிந்துகொள்ளுங்கள். நூலில் இல்லாத எதைப் படம் சேர்த்திருக்கிறது என்பது தெரியாமல், படத்தின் மீதான கோபத்தையோ மகிழ்ச்சியையோ விளங்கிக்கொள்ள முடியாது.

மாரிஸ் செண்டாக் 1963இல் எழுதி வரைந்த 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அந்தப் படப் புத்தகம் முழுவதிலும் ஏறத்தாழ 340 சொற்களே உள்ளன. ஓநாய் உடை அணிந்து குறும்பு செய்யும் மேக்ஸ் என்ற சிறுவனை, இரவு உணவு கொடுக்காமல் தாய் அறைக்கு அனுப்பிவிடுகிறாள். அறைக்குள்ளேயே காடு வளர்கிறது. அவன் கடல் கடந்து பூதங்களின் நாட்டுக்கு அரசனாகி, பிறகு வீடு திரும்புகிறான். உணவு இன்னும் சூடாக இருக்கிறது. அவ்வளவுதான் கதை. ஸ்பைக் ஜோன்ஸ் இதை 2009இல் ஏறத்தாழ நூறு நிமிடப் படமாக எடுத்தார். நூலில் ஓவியமாகக்கூட வராத தாய், படத்தில் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் களைத்துப்போன பெண்ணாக வருகிறாள். மேக்ஸ் பனியைக் குடைந்து ஒரு குகை கட்டுகிறான். அக்காவின் நண்பர்கள் விளையாட்டாக அதன்மேல் குதிக்க, அது அவன் தலைமேலேயே சரிகிறது. அழுதுகொண்டே அவன் வெளியே வரும்போது, அக்கா ஆறுதல் சொல்லாமல் அவர்களோடு காரில் ஏறிப் போய்விடுகிறாள். பின்னர் அவன் தாயைக் கடித்துவிட்டு வீட்டைவிட்டே ஓடுகிறான். பூதங்களும் பொறாமைப்படுகின்றன, சண்டை போடுகின்றன, ஒன்றின் கையை மற்றொன்று பிய்த்துவிடுகிறது.

நூலையும் படத்தையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அன்று வந்த எதிர்வினைகளைப் படித்தால் எல்லாம் தெளிவாகிவிடும். குழந்தைப் பருவத்தின் தனிமையை இவ்வளவு உண்மையாக யாரும் காட்டியதில்லை என்று பெரியவர்கள் பலர் மனமுருகினார்கள். நான்கு வயதுக் குழந்தைக்குத் தூங்கும் முன் வாசித்துக் காட்டும் புத்தகத்தின் படம் என்று நம்பி வந்த பெற்றோர் பலர், இது பிள்ளைகளுக்கான படமே இல்லை என்றார்கள். இரு தரப்பும் பேசியது அந்தப் பனிக்குகையைப் பற்றித்தான். என் கணிப்பில் அது மிகச் சிறந்த படம். ஆனாலும் நான்கு வயதுக் குழந்தைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பேசுபவரைப் பிரித்தறியுங்கள்

இத்தகைய படங்களுக்கு வரும் கருத்தாளர்கள் பெரும்பாலும் நான்கு வகையினர்: நூலைச் சிறு வயதில் படித்து மனதில் வைத்திருக்கும் பெரியவர்கள், பிள்ளைகளோடு வந்த பெற்றோர், பிள்ளைகள், நூலைப் பற்றி எதுவும் தெரியாமல் வந்தவர்கள். நூலைப் படித்தவர்களை எளிதில் அடையாளம் காணலாம். அவர்கள் விடுபட்டவற்றைப் பேசுவார்கள். ஒரு பாத்திரம் வரவில்லை, ஒரு அத்தியாயம் போய்விட்டது, தலைமுடியின் நிறம் மாறிவிட்டது என்ற வரிசையில் அவர்கள் குறை நீளும். அவற்றுள் கதையின் அடித்தளத்தைத் தொடும் மாற்றம் எது, நினைவோடு ஒட்டாததால் மட்டும் உறுத்தும் மாற்றம் எது என்று நீங்கள்தான் பிரிக்க வேண்டும். 1939இல் வந்த 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் கதைநாயகியான சிறுமி டோரத்தியின் காலணி சிவப்பு மாணிக்க நிறம். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய நூலில் அது வெள்ளிக் காலணி. இது கதையைத் தொடாத மாற்றம். ஆனால் நூலில் ஆஸ் என்பது உண்மையாகவே இருக்கும் நாடு. படமோ எல்லாவற்றையும் கனவாக்கி முடிக்கிறது. இந்த இரண்டாவது மாற்றத்தைப் பற்றி ஒருவர் வருந்தினால், அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

பெற்றோரின் கருத்தில் தேட வேண்டியது பிள்ளையின் வயது. வயது சொல்லாமல் 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று எழுதப்படும் வரியால் பயன் ஏதுமில்லை. அமெரிக்காவின் காமன் சென்ஸ் மீடியா என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, ஒரு படம் எந்த வயதுக்கு ஏற்றது என்று பெற்றோர் சொல்வதையும் பிள்ளைகள் சொல்வதையும் தனித்தனியாகக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு பெரிதாக இருந்தால், பெரியவர்களின் கவலைக்குக் காரணமான காட்சி எது என்று தேடிப் படியுங்கள். பல நேரங்களில் அது ஒரே ஒரு காட்சியாக இருக்கும்.

பிள்ளைகளின் கருத்து அரிதாகவே எழுத்தில் வருகிறது. வந்தாலும் பெரியவர் ஒருவரின் வாய்வழியாகத்தான் வருகிறது. அதனால் உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ நீங்களே கேட்டறிவது நல்லது. படம் முடிந்து வெளியே வந்த உடனே 'பிடிச்சிருந்துச்சா?' என்று கேட்டால் 'ம்' என்ற ஒற்றை விடைதான் கிடைக்கும். ஒருநாள் விட்டுவிட்டு, 'அந்தப் பூதம் ஏன் கோபப்பட்டுச்சு?', 'எந்த இடத்துல கண்ணை மூடிக்கிட்டே?' என்று குறிப்பாகக் கேளுங்கள். பிள்ளை அந்தக் காட்சியை நடித்துக் காட்டும், வரையும், அல்லது பேச்சை மாற்றும். மூன்றுமே விடைதான். திரையரங்கிலும் கவனிக்க நிறைய உண்டு: தண்ணீர் கேட்பது, மடியில் ஏறிக்கொள்வது, 'எப்போ வீட்டுக்குப் போவோம்?' என்பது போன்றவை எந்தக் காட்சியில் நடக்கின்றன என்று குறித்துக்கொண்டால், நட்சத்திர மதிப்பீடுகளைவிட அவை அதிகம் சொல்லும்.

முன்னோட்டம் தந்த வாக்குறுதி

ஏமாற்றம் என்று எழுதப்படுவதில் கணிசமான பகுதி படத்தின் மீதானது அன்று, முன்னோட்டத்தின் மீதானது. கேத்தரின் பேட்டர்சன் 1977இல் எழுதிய 'பிரிட்ஜ் டு டெராபிதியா' நூலின் படம் 2007இல் வந்தபோது, முன்னோட்டக் காட்சிகளில் இராட்சதர்களும் விசித்திரப் பிராணிகளும் நிறைந்த மாய உலகம் ஒன்று காட்டப்பட்டது. படமோ இரண்டு பிள்ளைகளின் நட்பையும், அவர்கள் கற்பனையில் கட்டிய நாட்டையும், பின்னர் நேரும் ஒரு மரணத்தையும் பற்றியது. நூலைப் படித்தவர்கள் முன்னோட்டத்தைப் பார்த்துக் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பதறினார்கள். நூலை அறியாத பெற்றோர் சாகசப் படம் என்று எண்ணி அழைத்துப் போய், அழும் பிள்ளையைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். படம் நூலுக்கு நேர்மையாகவே இருந்தது. ஆகவே கடுமையான கருத்து ஒன்றைப் படிக்கும்போது முன்னோட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். குறை அதற்குப் பொருந்துகிறதா, படத்திற்குப் பொருந்துகிறதா என்பது புலப்படும்.

எண்களைப் படிப்பது

திரை விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் விமர்சகர் விழுக்காடு, நூற்றுக்கு எத்தனை விமர்சகர்கள் படத்தை ஆதரித்தார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு ஆதரித்தார்கள் என்பதை அது சொல்லாது. ஏறத்தாழ எல்லோரும் 'பரவாயில்லை' என்று சொன்ன படம் 90 விழுக்காட்டைத் தொடலாம். பாதிப்பேர் உயிரைக் கொடுத்து நேசிக்கும் படம் 50இல் நிற்கலாம். தழுவல் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில் விழுவதால், சராசரியைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், எத்தனை பேர் மிக உயர்ந்த மதிப்பெண்ணும் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார்கள் என்ற பகிர்வைப் பாருங்கள். பார்வையாளர்கள் மதிப்பெண் இடும் ஐஎம்டிபி தளத்தில் அந்தப் பகிர்வு வெளிப்படையாகவே கிடைக்கிறது.

சினிமாஸ்கோர் நிறுவனம் அமெரிக்கா, கனடா திரையரங்குகளில், வெளியாகும் முதல் நாளிலேயே பார்வையாளர்களிடம் சிறு அட்டைகளைக் கொடுத்து ஏ முதல் எஃப் வரை தரம் கேட்கிறது. முதல் நாளே வருபவர்கள் ஆசையோடு வருபவர்கள் என்பதால் அந்தத் தரம் இயல்பாகவே உயர்ந்திருக்கும். 2018இல் வந்த 'எ ரிங்கிள் இன் டைம்' பெற்ற 'பி', பள்ளித் தேர்வில் நல்ல மதிப்பெண்ணாகத் தோன்றினாலும், பெரும் செலவில் எடுத்த குடும்பப் படத்திற்கு அது தளர்ந்த வரவேற்பையே குறித்தது.

படம் பார்க்காமலே மதிப்பெண் போடுவோரும் உண்டு. இதைத் தடுக்கவே 2019இல் ராட்டன் டொமேட்டோஸ், வெளியாவதற்கு முன் கருத்துச் சொல்லும் வசதியை நீக்கி, பின்னர் நுழைவுச்சீட்டு வாங்கியது உறுதிசெய்யப்பட்டவர்களின் மதிப்பீட்டைத் தனியாகக் காட்டத் தொடங்கியது. 2023இல் 'த லிட்டில் மெர்மெய்ட்' வந்தபோது, வழக்கத்திற்கு மாறான வாக்குப்பதிவைக் கண்டதாக ஐஎம்டிபி அறிவித்து, வேறு கணக்கீட்டு முறையைப் பயன்படுத்தியது. படத்தின் ஒரு காட்சியைக்கூடக் குறிப்பிடாமல் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணோ மிக உயர்ந்த மதிப்பெண்ணோ கொடுக்கும் கருத்துகளைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

நூலின் கொள்கை சார்ந்த சண்டைகள் படத்தின் மேல் வந்து விழுவதும் உண்டு. பிலிப் புல்மன் 1995இல் எழுதிய 'நார்தர்ன் லைட்ஸ்' நூல் 2007இல் 'த கோல்டன் காம்பஸ்' என்ற படமானபோது, அது சமயத்திற்கு எதிரானது என்று அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று புறக்கணிக்கச் சொன்னது. அதே வேளையில் நூலின் வாசகர்கள், சமய அதிகாரத்தின் மீதான விமர்சனம் நீர்த்துவிட்டதென்றும் நூலின் இறுதிப் பகுதி படத்தில் இல்லை என்றும் வருந்தினார்கள். ஏறத்தாழ 18 கோடி டாலரில் எடுத்த அந்தப் படம் அமெரிக்காவில் சுமார் 7 கோடியும், பிற நாடுகளில் சுமார் 30 கோடியும் ஈட்டியது. ஒரு நாட்டில் எழுந்த கருத்தை உலகத்தின் கருத்தாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நூலாசிரியரின் கோபத்தையும் பார்வையாளர் கருத்தோடு கலக்காதீர்கள். 'மேரி பாப்பின்ஸ்' 1964இல் பெருவெற்றி பெற்றபோதும் அதன் ஆசிரியை பி. எல். டிராவர்ஸ் மனம் நிறையவில்லை. ஜெர்மன் எழுத்தாளர் மிகாயெல் எண்டே, தம் 'த நெவர்எண்டிங் ஸ்டோரி' நூலின் 1984ஆம் ஆண்டுத் திரைவடிவத்தை எதிர்த்து வழக்கே தொடுத்தார். அவர்களுடைய வருத்தம் மதிப்பிற்குரியது. ஆனால் அரங்கில் இருந்த பிள்ளை என்ன உணர்ந்தது என்பது வேறு கேள்வி.

அவசரம் இல்லாவிட்டால் காத்திருங்கள். 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' முதல் வெளியீட்டில் போட்ட பணத்தை முழுமையாக மீட்கவில்லை. 1956 நவம்பரில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிறகுதான், பின்னர் ஆண்டுதோறும் வீடுகளில் பார்க்கப்படும் படமாக அது மாறியது. முதல் வாரக் கருத்து, எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதைச் சொல்லும். படம் பிள்ளைகளிடம் தங்கியதா என்பதைச் சில மாதங்கள் கழித்து வரும் கருத்துகளே சொல்ல முடியும்.

நீங்கள் எழுதும்போது

உங்கள் கருத்தைப் பகிரும்போது சில தகவல்களை முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லிவிடுங்கள்: நூலைப் படித்திருக்கிறீர்களா, உடன் வந்த பிள்ளையின் வயது என்ன, எந்த மொழியில் பார்த்தீர்கள், முப்பரிமாணத்திலா சாதாரணத் திரையிலா. மொழிமாற்றக் குரல் ஒட்டவில்லை என்பதை எழுதாமல் 'பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை' என்று எழுதினால், மூல மொழியில் பார்க்கப்போகிறவர் தவறாக வழிநடத்தப்படுவார். மரணம், பிரிவு, பிள்ளை தனியாக விடப்படுதல், வளர்ப்புப் பிராணிக்கு நேரும் தீங்கு ஆகியவை படத்தில் இருந்தால், யாருக்கு என்ன ஆகிறது என்று கதையை உடைக்காமல், 'படத்தின் பிற்பகுதியில் நெருங்கிய ஒருவரின் இழப்பு வருகிறது. அண்மையில் வீட்டில் யாரையேனும் இழந்த பிள்ளையோடு போகிறவர்கள் முன்கூட்டியே பேசிவிட்டுச் செல்லுங்கள்' என்ற அளவில் எழுதினால் போதும்.