“ரெண்டு நாள் பாருங்க சார்”: புது லேப்டாப் பழுதானால் செய்யக்கூடாதவை

நான் வாங்கிய லேப்டாப்பின் திரை மூன்றாம் நாளே மினுங்க ஆரம்பித்தது. மூடியை ஒரு கோணத்தில் வைத்தால் ஒழுங்காக இருக்கும். இன்னும் இரண்டு விரற்கடை பின்னால் தள்ளினால் இடது ஓரத்தில் பச்சைக் கோடு ஓடும். வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். “புது மிஷின்ல அப்படித்தான் சார் இருக்கும். அப்டேட் ஏறினா சரியாயிடும். ரெண்டு நாள் பாருங்க” என்றார் கடைக்காரர். பார்த்தேன். சனிக்கிழமை மறுபடி போன். “நாளைக்கு லீவு சார், செவ்வாய்க்கிழமை வாங்களேன்.” செவ்வாய்க்கிழமை போய் நின்றால், பில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “மாத்திக் குடுக்கிறது ஏழு நாள்தான். நேத்தோட முடிஞ்சுதே சார்.”

அவர் என்னை ஏமாற்றினார் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு முறை போனில் பேசினேனே, அதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம் இல்லை. மூன்றாம் நாளே ஒரு ஈமெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்பியிருந்தால், ஏழு நாளுக்குள் குறை சொல்லியாகிவிட்டது என்று நிரூபித்திருக்கலாம். இந்த விஷயத்தில் பெரும்பாலானவர்கள் சறுக்குவது சட்டம் தெரியாமல் அல்ல. எதையும் எழுத்தில் வைக்காமல்தான்.

பில்லில் ஆரம்பிக்கிறது வினை

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 50,000 ரூபாய்ப் பொருளுக்கு 9,000 ரூபாய் வரி. “பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுப் போடலாம்” என்று கடையில் காதோடு சொல்லும்போது சபலம் வருவது இயற்கைதான். வெறும் எஸ்டிமேட் சீட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டால், அங்கேதான் வாங்கினீர்கள் என்பதையே நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பில், பெட்டி, லேப்டாப்பின் அடிப்பகுதி மூன்றிலும் அதே எண் இருக்க வேண்டும்.

பில் யார் பெயரில் என்பதும் ஒரு விஷயம். அப்பா பெயரில் வாங்கி மகள் பயன்படுத்தினால் சிக்கல் இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று கம்பெனி பெயரில் பில் போட்டால்தான் தலைவலி. நாளைக்கு நுகர்வோர் வழக்கு என்று போனால், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாக வைக்கும். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. டிடிபி வேலை செய்பவர், வீட்டிலிருந்து டிசைன் செய்பவர் எல்லாம் அதில் வரலாம். ஆனால் அதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. உள்ளே செங்கல் இருந்தால் உங்கள் சொல்லுக்கு வேறு துணை கிடையாது, அவ்வளவுதான். உறையும் அட்டைப்பெட்டியும் ஒரு மாதமாவது பரணில் கிடக்கட்டும்.

அப்புறம், அன்றைக்கே அரை மணி நேரம் செலவழித்து மிஷினைச் சோதியுங்கள். கம்பெனி இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் வாரன்டி எப்போது ஆரம்பித்தது என்று தெரியும். உங்கள் பில் தேதிக்கு நாலு மாதம் முன்பே அது ஓட ஆரம்பித்திருந்தால், கடையில் பார்வைக்கு வைத்திருந்ததோ திரும்பி வந்ததோ உங்கள் கைக்கு வந்திருக்கலாம். கேள்வி கேட்கக் காரணம் இருக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், லேப்டாப்பில் டேட்டாவைச் சேமிக்கும் பாகமான எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதியதில் அது சில மணி நேரமாகத்தான் இருக்க வேண்டும். பல நூறு என்று காட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி துளையிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். கல்யாணப் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார்கள்?

பழுது பார்க்க ஒப்படைக்கும்போது சர்வீஸ் சென்டரில் எழுதிக்கொடுக்கும் சீட்டுதான் ஜாப் ஷீட். என் திரைக்கு எழுதியதில் குறை என்ற கட்டத்தில் இருந்தது ‘ஸ்லோ’ என்ற ஒரே சொல். பச்சைக் கோடு பற்றி மூச்சே இல்லை. நிலை என்ற கட்டத்தில் ‘கீறல்கள் உள்ளன’ என்று எழுதியிருந்தார்கள். கவுன்டரில் இருந்த தம்பி எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாராம். நானும் பாராமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பெரிய தவறு அது. நாளைக்கே ‘கீழே போட்டிருக்கிறீர்கள், வாரன்டி கிடையாது’ என்று சொன்னால் அந்த ஒற்றை வரி என் கையெழுத்தோடு அவர்கள் பக்கம் நிற்கும். அதனால் ஒப்படைப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கீறல் இல்லையென்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். குறையை முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதும், எந்தத் தேதியில் கொடுத்து எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதும் தாளில் இருக்கட்டும். ஒரே குறைக்கு நாலு முறை போய் வந்த நாலு ஜாப் ஷீட்டுகள், வழக்கறிஞர் எழுதும் பத்துப் பக்க நோட்டீஸைவிடக் கனமானவை.

தயாரிப்பிலேயே குறை என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிப் பயனில்லை. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தால், நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். ஆகவே நடுவில் தெரு முனை மெக்கானிக்கிடம் கொடுத்து மூடியைக் கழற்றுவது வேண்டாம். அவர் கைராசிக்காரராகவே இருக்கட்டும். வேறு ஆள் கை வைத்ததால்தான் கெட்டது என்ற வாதத்துக்கு நாமே வழி திறந்துவிடக் கூடாது. டேட்டாவை மட்டும் முன்கூட்டியே காப்பி எடுத்துவிடுங்கள். சர்வீஸில் டிஸ்க்கை அழித்துவிட்டால் அதற்குப் பொறுப்பில்லை என்ற வரி அந்த ஜாப் ஷீட்டின் பின்பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும்.

“கம்பெனியைப் போய்க் கேளுங்க”

கடைக்காரர் கைகழுவும்போது சொல்வது இது. நம்பாதீர்கள். பழுதான பொருளை விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டம். கவனிக்க: குறையுள்ள பொருள். நிறம் பிடிக்கவில்லை, அடுத்த வாரம் ஆஃபரில் விலை இறங்கிவிட்டது என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. ஆன்லைன் விற்பனையாளர்களுக்கும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் இதே கட்டுப்பாடு இருக்கிறது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்கும். சாட்டில் வரும் இயந்திரப் பதிலோடு மல்லுக்கட்டாமல் நேராக அவருக்கு எழுதுங்கள்.

ஏழு நாள் முடிந்ததோடு எல்லாம் முடிந்தது என்று சோர்ந்து போவதும் தவறுதான். நான் அப்படித்தான் சோர்ந்து போனேன். அந்த ஏழு நாள் கடைக்காரர் வைத்த கெடு. குறையுள்ள பொருளுக்காக வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டு.

புகார் எங்கே?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். காசு கிடையாது, பல நேரம் வேலையும் நடக்கும். அவர்கள் கம்பெனியோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. அங்கே புகார் எண் வாங்கிவிட்டு ஒன்றரை வருடம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது வழக்காகாது, இரண்டு ஆண்டுக் கணக்கு தன்பாட்டில் ஓடும்.

அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். டெல்லி விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், தஞ்சாவூரில் குடியிருப்பவர் தஞ்சாவூரிலேயே வழக்குப் போடலாம். இது 2019 சட்டம் கொண்டுவந்த மாற்றம். சர்வீஸ் சென்டரை மட்டும் எதிர்த்தரப்பாக்குவது வழக்கமாக நடக்கும் பிழை. கடை, தயாரித்த கம்பெனி, ஆன்லைன் தளம் என்று எல்லாரையும் சேருங்கள். மன உளைச்சலுக்கு இருபது லட்சம் என்று கேட்க வேண்டாம். பணம் வட்டியோடு, நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேட்டால் மனுவுக்கு ஒரு மரியாதை இருக்கும்.

அதற்கு முன் ஒரு கடிதம். அது நீளமாக இருக்க வேண்டியதில்லை. நான் கடைசியில் அனுப்பியது ஒன்பது வரி. வாங்கிய தேதி, பில் எண், சீரியல் நம்பர், குறை தெரிந்த நாள், ஜாப் ஷீட் எண்கள் மூன்று, எனக்கு வேண்டியது (வேறு மிஷின் அல்லது முழுப் பணம்), 15 நாள் கெடு. கடைக்கும் கம்பெனிக்கும் ஈமெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பினேன். பதினோராம் நாள் அந்தக் கடைக்காரரே கூப்பிட்டார். “எதுக்கு சார் லெட்டரெல்லாம், ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

மாற்றிக் கொடுத்த மிஷினை அவர் மேசையிலேயே பிரித்து, சீரியல் நம்பரைப் புதிதாக ஒரு தாளில் எழுதி, அவருடைய சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். ‘முழுத் திருப்தி’ என்று அச்சடித்திருந்த படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ரெண்டு நாள் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.