சின்ன வயதுப் படத்தை மறுபடி போடும் முன்

போயா (பௌர்ணமி) விடுமுறைக்குத் தம்பி குடும்பம் திருகோணமலை உவர்மலை வீட்டுக்கு வந்திருந்தது. நாங்கள் சின்ன வயதில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் பார்த்த ‘ராஜா சின்ன ரோஜா’வைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம் என்று போட்டோம். எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் 1989இல் வந்த ரஜினி படம். கார்ட்டூன் மிருகங்களோடு அவர் ஆடிப்பாடும் பாட்டு வரைக்கும் சரி. மற்றபடி புத்திமதியும் அடிதடியும் ஒரே இழுவை. பிள்ளைகள் போனை எடுத்துவிட்டார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

அடுத்த போயாவுக்கு வேறு விதமாகச் செய்தோம். படம் போடும் முன், சின்ன வயதில் அதைக் கூடப் பார்த்தவர்கள் எல்லாரும் ஞாபகத்தில் இருக்கிற காட்சிகளைத் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். நான் எழுதியதில் ஒன்று அந்தப் படத்திலேயே இல்லை! தம்பி எழுதியதோ படமே அல்ல: கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு எண்ணெய் வாங்க ஓடியது, அம்மா வறுத்த கச்சான் (நிலக்கடலை), பாயில் இடம்பிடிக்கச் சண்டை. பிள்ளைகள் அதைத்தான் வாய்பிளந்து கேட்டார்கள்.

பிறகு எழுதிய காட்சிகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ரிமோட் பெரியவர் கையில் இருக்கட்டும். உருவத்தைக் கேலி செய்யும் பகிடி வந்தால் தாண்டிப் போகாமல் நிறுத்தி, “அப்ப நாங்களும் சிரிச்சனாங்கள்” என்று சொல்லிவிடுங்கள். இடைவேளையோடு நிறுத்தினால் போதும். கச்சான் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வறுத்து வையுங்கள்.